வளைந்த வட்டும் அதன் நிழலும்: புராஜெக்டுக்கு எந்தத் தரவை எடுப்பது?

வளைந்த வட்டுகளை வைத்து ஒரு புராஜெக்ட் என்று முடிவாகிவிட்டது, ஆனால் எந்தத் தரவை எடுப்பது என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று கேட்கும் முதுகலை மாணவர்கள் இப்போது நிறைய. தலைப்பு அப்படி ஈர்க்கிறது. ஓர் இளம் விண்மீனைச் சுற்றிய தூசி வட்டின் உட்பகுதி ஒரு கோணத்தில் சாய்ந்திருக்கிறது, வெளிப்பகுதி வேறு கோணத்தில் கிடக்கிறது. உட்பகுதி விண்மீனின் ஒளியை மறிக்க, அதன் நிழல் ஆயிரம் கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் வெளிவட்டின் மேல் விழுகிறது. உட்பகுதி மிகச் சிறியது, சாதாரணப் படத்தில் தனியாகத் தெரியாது. நிழலை வைத்துத்தான் அதன் சாய்வைக் கணக்குப் போடுகிறோம்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு: ஸ்பியர் என்ற கேமராக் கருவியின் முனைவாக்கப் படங்கள் (முனைவாக்கம் என்பது ஒளி அலை ஒரே திசையில் அதிர்வது, போலரைசேஷன்), ஆல்மா ரேடியோ தொலைநோக்கியின் வாயு வேக வரைபடங்கள், டெஸ் விண்கலம் அல்லது கெப்ளர் விண்கலத்தின் கே2 திட்டம் தரும் ஒளிமாற்றத் தரவு (விண்மீன் மங்கி எழுவதன் பதிவு), கடைசியாக வெறும் கணினி மாதிரி. தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிப்பது ஐந்தாவது வழி. ஒரே பருவத்தில் முடித்துக் கொடுக்க வேண்டியவருக்கு அது வழியே இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலோர் "எது சுலபம்?" என்று தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் தேடும் சாய்வு எவ்வளவு பெரியது என்பது. உள்வட்டும் வெளிவட்டும் 70 பாகை விலகி நின்றால் எதிரெதிரே இரண்டு ஒடுக்கமான நிழல் கோடுகள் விழும். விலகல் சில பாகை மட்டும் என்றால், வெளிவட்டின் ஒரு பக்கம் முழுக்க லேசாக மங்கும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒரே முறையில் பிடிக்க முடியாது.

இரண்டாவது, நிழலின் கடிகாரம். சில நிழல்கள் நாள் கணக்கில் மாறுகின்றன, சில பத்தாண்டுக் கணக்கில். டிடபிள்யூ ஹைட்ரே என்ற விண்மீன் நம்மிடமிருந்து சுமார் 196 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் வட்டில் ஒரு மங்கிய பகுதி சுற்றி வருவதை ஜான் டெப்ஸ் குழு 2017இல் அறிவித்தது. ஒரு சுற்றுக்கு சுமார் 16 ஆண்டுகள். அதைக் கண்டுபிடிக்க 1998 முதல் ஹபிள் சேர்த்து வைத்திருந்த பழைய படங்கள் தேவைப்பட்டன. அவ்வளவு வெளியே, 100 வானியல் அலகு தொலைவில் (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்), வட்டின் பொருளே ஒரு சுற்று வர ஆயிரம் ஆண்டு ஆகும். 16 ஆண்டில் சுற்றுவது பொருளாக இருக்க முடியாது, உள்ளே இருக்கும் எதனுடைய நிழலாகவோதான் இருக்க வேண்டும் என்ற வாதம் அங்கிருந்துதான் வந்தது. 2021இல் திரும்பப் படம் எடுத்தபோது ஒன்றுக்கு இரண்டு நிழல் தெரிந்தது. ஒரே ஒரு நாள் எடுத்த படத்தை மட்டும் வைத்திருந்தவருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது.

மூன்றாவது, எது உங்களை ஏமாற்றும்? நிழல் மாதிரியே தோன்றும் வேறு விஷயங்கள் ஒவ்வொரு வகைத் தரவிலும் இருக்கின்றன, அவை வேறு வேறானவை. நான்காவது, "ஒன்றும் கிடைக்கவில்லை" என்பது முடிவாக வந்தாலும் அதை அறிக்கையாக எழுத முடியுமா? கைடு இதைப் பற்றிப் பேச மாட்டார், ஆனால் பருவக் கடைசியில் உங்களைக் காப்பாற்றப் போவது இதுதான். அப்புறம்தான் ஹார்டு டிஸ்க், ரேம், மாதக் கணக்கு எல்லாம்.

## ஸ்பியரின் முனைவாக்கப் படங்கள்

சிலியின் பரனால் மலையில் உள்ள விஎல்டி என்ற தொலைநோக்கித் தொகுப்பில் 2014 முதல் ஸ்பியர் வேலை செய்கிறது. விண்மீனின் நேரடி ஒளி பெரும்பாலும் முனைவாக்கம் இல்லாதது, தூசியில் பட்டுச் சிதறும் ஒளி முனைவாக்கம் கொண்டது. இரண்டு செங்குத்தான முனைவாக்கங்களில் எடுத்த படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் விண்மீன் போய்விடும், வட்டு மிஞ்சும். நிழல் விழுந்த இடத்தில் சிதற ஒளியே இல்லை, அதனால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். நிழலை நிழலாகவே காட்டும் ஒரே தரவு இதுதான் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, மறைக்கவில்லை.

என்ன கிடைக்கும் என்பதற்கு எச்டி 142527 என்ற விண்மீனைப் பாருங்கள். வெளிவட்டுக்கும் விண்மீனுக்கும் நடுவே பெரிய வெற்றிடம், வெளிவட்டின் மேல் இரண்டு இருண்ட வெட்டுகள். செபஸ்தியான் மரினோவும் சகாக்களும் 2015இல் அந்த வெட்டுகளின் இடத்தை மட்டும் வைத்து, உள்வட்டு வெளிவட்டிலிருந்து சுமார் 70 பாகை சாய்ந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்தது ஸ்பியருக்கு முந்திய கருவியின் அகச்சிவப்புப் படம். எச்டி 100453இலும் இதே கதை: 2017இல் மிரியம் பெனிஸ்டி குழு வெளியிட்ட ஸ்பியர் படத்தில் இரண்டு சுருள் கைகள், இரண்டு நிழல்கள், அங்கும் உள்வட்டின் விலகல் 70 பாகைக்குப் பக்கம். கணக்கு பள்ளிக்கூட வடிவியல்தான். இரண்டு நிழல்களையும் சேர்க்கும் கோடு எந்தத் திசையில் ஓடுகிறது, விண்மீனிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது, வெளிவட்டின் மேற்பரப்பு எவ்வளவு உயரம் என்ற மூன்றும் தெரிந்தால் உள்வட்டின் சாய்வும் திசையும் வந்துவிடும். நிழலின் அகலம் உள்வட்டின் தடிப்பைச் சொல்லும்.

தரவு இலவசம், ஐரோப்பிய தென் வானாய்வகத்தின் ஆர்க்கைவில் கணக்குத் தொடங்கி இறக்கிக்கொள்ளலாம். ராப் வான் ஹோல்ஸ்டைன் எழுதிய ஐஆர்டாப் என்ற பைத்தான் பைப்லைன் இருக்கிறது, அது கருவியே சேர்க்கும் முனைவாக்கத்தையும் திருத்திக் கொடுக்கிறது. சாதாரண லேப்டாப் போதும்.

சரி, மறைந்திருக்கும் செலவு என்ன? பைப்லைன் ஓடி முடிந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும், ஆனால் தொந்தரவு அங்கேதான் தொடங்குகிறது. சாய்ந்து கிடக்கும் வட்டில் எல்லா இடத்திலும் ஒளி ஒரே கோணத்தில் சிதறுவதில்லை. 90 பாகைக்குப் பக்கத்தில் சிதறும் ஒளியில் முனைவாக்கம் அதிகம், அதிலிருந்து விலக விலகக் குறையும். அதனால் வட்டின் குற்றச்சு (நீள்வட்டமாகத் தெரியும் வட்டின் குறுகிய அச்சு) ஓரமாக இயல்பாகவே மங்கல் வரும், எதிரெதிரே, இரண்டு இடத்தில். கேட்கவே பயமாக இல்லையா? நிழல் என்று நீங்கள் குறித்து வைத்தது குற்றச்சின் மேலேயே உட்கார்ந்திருந்தால் அதை நம்பாதீர்கள், வளைவே இல்லாத வட்டுக்கு ஒரு மாதிரிப் படம் போட்டு ஒப்பிட்ட பிறகு பேசுங்கள். விண்மீனின் சொந்த முனைவாக்கத்தைத் தப்பாகக் கழித்தாலும் வண்ணத்துப்பூச்சி மாதிரி நான்கு துண்டாக ஒளியும் இருளும் வரும், அதுவும் நிழல் வேஷம் போடும். ஆகவே முகத்துக்கு நேராகத் தெரியும் வட்டுகளாகப் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம்.

பெரிய சாய்வு, ஒடுக்கமான நிழல், ஒன்றுக்கு மேற்பட்ட நாட்களின் படங்கள் ஆர்க்கைவில் இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சிறு சாய்வுக்கு இது கஷ்டம். எச்டி 139614இல் அகலமாகப் பரவிய நிழலை வைத்துச் சிறு விலகல்களைச் சொன்னார்கள் என்பது உண்மை, ஆனால் அதற்குப் பின்னால் ஏகப்பட்ட மாதிரி வேலை இருந்தது.

## ஆல்மாவின் வேக வரைபடங்கள்

சிலியிலேயே, 5000 மீட்டர் உயரச் சமவெளியில், 66 ஆண்டெனாக்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவின் கோட்டு உமிழ்வை எடுத்து, எந்த இடம் நம்மை நோக்கி வருகிறது, எது விலகிப் போகிறது என்று ஒரு நீல-சிவப்பு வரைபடம் போடலாம். தட்டையான வட்டில் நீலத்தையும் சிவப்பையும் பிரிக்கும் நடுக்கோடு நேராக இருக்கும். வளைந்த வட்டில் உள்ளே போகப் போக அந்தக் கோடு முறுக்கிக்கொள்ளும்.

இதன் பலம் சிறு சாய்வுகள். 15 வட்டுகளை எடுத்து ஆராய்ந்த எக்ஸோஆல்மா திட்டத்தில் ஆண்ட்ரூ வின்டர் குழு 2025இல் சொன்னது, அரைப் பாகை முதல் இரண்டு பாகை வரையான மெல்லிய வளைவுகள் அந்த வேக விலகல்களை விளக்கிவிடும் என்று. வேறு வட்டுகளில் 70 பாகை என்று பேசிக்கொண்டிருக்கும்போது அரைப் பாகை அற்பமாகத் தெரியலாம். அப்படியில்லை. பெரிய சாய்வுகள் விதிவிலக்கு, சிறு வளைவுகள்தான் சாதாரணம் என்றால் கோள் உருவாகும் வட்டு என்ற நம் படமே மாறுகிறது, கதையின் கனமான பாதி அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் முதல் புராஜெக்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். காரணம் டிஸ்க் இடம் மட்டுமல்ல. அதுவும் ஒரு காரணம்தான்: அளவீட்டுத் தொகுப்பிலிருந்து நீங்களே படம் செய்யப் போனால் நூற்றுக்கணக்கான ஜிகாபைட் பிடிக்கும், ஆல்மா தரவைக் கையாளும் காசா மென்பொருளைக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் போய்விடும். பெரிய திட்டங்கள் செய்து முடித்த படத் தொகுப்புகளையே எடுத்துக்கொண்டால் இதைத் தாண்டிவிடலாம். தாண்ட முடியாதது வேறு. முறுக்கிய நடுக்கோடு வளைவால் மட்டும் வருவதில்லை, வாயு விண்மீனை நோக்கி வேகமாக உள்ளே பாய்ந்தாலும் அதே முறுக்கு வரும். எச்டி 142527இலேயே இந்தக் குழப்பம் வந்தது. வெற்றிடத்துக்குள் இருக்கும் வாயுவின் விசித்திர வேகத்தை வேகமான உட்பாய்ச்சல் என்று ஒரு தரப்பு வாசித்தது, நிழல்களிலிருந்து கிடைத்த சாய்வையும் சேர்த்தால்தான் சரியாக வருகிறது என்று பிறகு காட்டினார்கள். படம் இல்லாமல் வேக வரைபடத்தை மட்டும் வைத்திருந்தால் அந்த விவாதம் இன்னும் இழுத்துக்கொண்டே போயிருக்கும் என்பது என் எண்ணம்.

அதோடு, கார்பன் மோனாக்சைடு ஒளிர்வது வட்டின் நடுத்தளத்தில் இல்லை, மேற்பரப்புக்குப் பக்கத்தில். அந்த உயரத்தைத் தப்பாகப் போட்டால் இல்லாத வளைவு ஒன்று முளைக்கும். அரைப் பாகையைத் தேடும்போது இது சின்னத் தப்பு இல்லை.

கைடு ஏற்கெனவே ரேடியோ இடையீட்டுத் தரவில் வேலை செய்பவர், உங்களுக்கு ஓராண்டு இருக்கிறது, பிஎச்டிக்கும் இதையே தொடரப் போகிறீர்கள் என்றால் தாராளமாக இறங்கலாம்.

## டிப்பர் விண்மீன்களின் ஒளிமாற்றம்

இது நேர்மாறான வழி. நிழல் வெளிவட்டில் விழுவதை விட்டுவிட்டு, அதே உள்வட்டுத் தூசி நம் பார்வைக்கு நடுவே வந்து விண்மீனை மங்கச் செய்வதைப் பார்க்கிறோம். திடீரென ஒரு நாள் அளவுக்கு மங்கி, திரும்ப எழும் இந்த விண்மீன்களுக்குத்தான் டிப்பர் என்று பெயர். கே2 ஒரே வயலை 80 நாள் பக்கம் பார்த்தது, டெஸ் ஒரு பிரிவை 27 நாள் பார்க்கிறது. லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பு இருந்தால் மதியம் உட்கார்ந்து மாலைக்குள் முதல் வரைபடம் போட்டுவிடலாம். நாலு வழியில் இதைவிட மலிவானது இல்லை, கடிகாரத்தை இதைவிடத் துல்லியமாகச் சொல்வதும் இல்லை.

அது உண்மையில் எதைக் காட்டுகிறது என்பதில்தான் விலை ஏறுகிறது. மங்கல் வந்தால் உள்வட்டு கிட்டத்தட்ட விளிம்பு தெரியக் கிடக்கிறது என்று சொல்லலாம். வெளிவட்டு எப்படிக் கிடக்கிறது என்று ஒளிமாற்றத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அதை ஆல்மா படத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். மேகன் ஆன்ஸ்டெல் குழு 2020இல் செய்தது அதுதான். 24 டிப்பர்களின் வெளிவட்டுச் சாய்வுகளை எடுத்துப் பார்த்தால் அவை எல்லாக் கோணத்திலும் பரவிக் கிடந்தன. உள்ளும் புறமும் ஒரே தளத்தில் இருந்தால் டிப்பர்களின் வெளிவட்டுகள் எல்லாமே விளிம்பு தெரியும்படி இருந்திருக்க வேண்டுமே.

இன்னொரு பிரச்சினை: தூசி விண்மீனுக்கு மிக அருகில், வட்டின் உள் விளிம்பில் இருக்கிறது. அங்கே வளைவை உண்டாக்குவது கோளாகவோ துணை விண்மீனாகவோ இருக்க வேண்டியதில்லை, விண்மீனின் சாய்ந்த காந்தப்புலமே போதும். ஏஏ டாரியின் 8.2 நாள் மங்கலை அப்படித்தான் விளக்கினார்கள். அந்த விண்மீன் 2011இல் ஒரேயடியாக மங்கி, பழைய ஒழுங்கையே விட்டுவிட்டது, அதை நம்பி நீண்டகாலத் திட்டம் போட்டவர்கள் பாடு என்ன ஆயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 வில்விநாடி அகலம், விண்மீன் உருவாகும் நெரிசலான பகுதியில் பக்கத்து விண்மீனின் ஒளியும் உள்ளே வந்துவிடும். விண்மீனின் மேற்பரப்பில் உள்ள கரும்புள்ளிகள் வேறு தம் பங்குக்கு ஆட்டம் காட்டும்.

இரண்டு மாதம்தான் இருக்கிறது, கையில் இருப்பது பழைய லேப்டாப், கூட்டமாக நிறைய விண்மீன்களைப் பார்க்க ஆசை என்றால் இதை எடுங்கள். "இத்தனை விண்மீனில் மங்கல் இல்லை" என்பதையும் முடிவாக எழுதலாம் என்பது பெரிய ஆறுதல்.

## வெறும் கணினி மாதிரி

ரேட்எம்சி-3டி போன்ற ஒளிக்கடத்தல் நிரல் இலவசம். கையால் ஒரு வளைந்த வட்டை வரைந்து கொடுத்து, நிழல் எப்படி விழும் என்று பார்ப்பது லேப்டாப்பிலேயே நடக்கும். வட்டு எதனால் வளைந்தது என்று பார்க்க வேண்டுமானால் ஃபாண்டம் போன்ற பாய்ம நிரல் வேண்டும். அது லேப்டாப்பில் ஓடும் வேலை இல்லை, கணினிக் கொத்தில் (கிளஸ்டரில்) வரிசையில் நிற்க வேண்டும்.

இதில் ஏமாற்றுவது சுதந்திரம். பாகுநிலையை (வட்டின் வாயுவுக்குள் உள்ள உராய்வை) எவ்வளவு வைப்பது, தடிப்பு எவ்வளவு, துணை விண்மீனின் சுற்றுப்பாதை என்ன என்று எல்லாம் நம் கையில். பாகுநிலை எண் வட்டின் தடிப்பு விகிதத்தைவிட (உயரத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம்) குறைவாக இருந்தால் வளைவு அலையாகப் பரவும், அதிகமாக இருந்தால் மெதுவாகக் கரைந்து பரவும், இரண்டும் வேறு வேறு விடை. மூன்று விண்மீன்கள் நடுவில் உள்ள ஜிடபிள்யூ ஓரியானிஸில் இது வெளிப்படையாக நடந்தது. 2020இல் ஸ்டீபன் கிராவ்ஸ் குழு, விண்மீன்களின் ஈர்ப்பே வட்டைக் கிழித்து ஒரு வளையத்தைச் சாய்த்துவிட்டது என்றது. அதே ஆண்டு அதே வட்டைப் பார்த்த இன்னொரு குழு, விண்மீன்கள் மட்டும் போதாது, வளையங்களுக்கு நடுவே ஒரு கோளும் இருக்கலாம் என்றது. கைதேர்ந்தவர்களுக்கே இந்த நிலை. மாதிரியைத் தனிப் புராஜெக்டாக எடுக்காமல் மற்ற மூன்றில் ஒன்றுக்குத் துணையாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு சின்ன வேலை மட்டும் தனியாகவே செய்யத் தகுதியானது: ஒளி போய்ச் சேரும் நேரம். விண்மீனிலிருந்து 100 வானியல் அலகு போக ஒளிக்குச் சுமார் 14 மணி நேரம் ஆகும். நிழல் ஐந்து நாளில் ஒரு சுற்று வருவதாக வைத்துக்கொண்டால், அந்தத் தொலைவில் அது 40 பாகைக்கு மேல் பின்தங்கும், நேர்க்கோடாக இல்லாமல் சுருளாக வளையும். காகிதத்திலேயே பாதியைப் போட்டுவிடலாம்.

## ஒரே இடத்தில்

| | ஸ்பியர் படம் | ஆல்மா வேகம் | ஒளிமாற்றம் | மாதிரி |
|---|---|---|---|---|
| எந்தச் சாய்வு | பெரியது | சிறியதும் | உள் விளிம்பு மட்டும் | எதுவும் |
| கடிகாரம் | பல நாள் படம் இருந்தால் | தெரியாது | மிக நன்றாக | நாம் வைப்பதுதான் |
| ஏமாற்றுவது | சிதறல் கோணம் | உட்பாய்ச்சல், உமிழ்வு உயரம் | காந்தப்புலம், புள்ளிகள் | அளவுருச் சுதந்திரம் |
| கணினி | லேப்டாப் | பெரிய டிஸ்க், ரேம் | எதுவும் போதும் | லேப்டாப் அல்லது கொத்து |
| என் மதிப்பில் காலம் | ஒரு பருவம் | ஓராண்டு | இரண்டு மாதம் | கேள்வியைப் பொறுத்து |

அட்டவணையில் வராத ஒன்று: எந்த வழியை எடுத்தாலும் உள்வட்டின் சாய்வை நேரடியாகச் சரிபார்க்க ஓர் இடம் இருக்கிறது. பரனாலின் நான்கு தொலைநோக்கிகளையும் இணைக்கும் கிராவிட்டி கருவி அவ்வளவு சிறிய உள்வட்டையும் அளக்கிறது. 2022இல் அலெக்சாண்டர் போன் குழு அப்படி 20 வட்டுகளை ஆல்மாவோடு ஒப்பிட்டு, 6இல் தெளிவான விலகல் என்றது. அந்தப் பட்டியலில் எச்டி 142527உம் எச்டி 100453உம் இருக்கின்றன, நிழல் கணக்கு சொன்னதும் இதுவும் ஒத்துப்போகின்றன. உங்கள் விண்மீன் அந்த 20இல் ஒன்றா என்று தொடங்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள், பிறகு பார்த்துப் பயனில்லை.

எதை எடுப்பது என்று இன்னும் தயங்குபவர்களுக்கு நான் சொல்லும் விண்மீன் ஆர்எக்ஸ்ஜே1604.3-2130. வெளிவட்டு கிட்டத்தட்ட முகத்துக்கு நேராகக் கிடக்கிறது, அதனால் சிதறல் கோணத் தொல்லை குறைவு. ஆனால் விண்மீனோ டிப்பர், உள்வட்டு விளிம்பு தெரியக் கிடக்கிறது என்று அர்த்தம். கே2வும் அதைப் பார்த்திருக்கிறது. 2015க்கும் 2017க்கும் இடையே 11 தடவை எடுத்த ஸ்பியர் படங்களை பாவ்லா பினில்லா குழு 2018இல் ஆராய்ந்தது. இரண்டு நிழல்களும் சராசரியாக 84, 266 பாகைத் திசைகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு பாகை அங்கும் இங்கும் ஆடுகின்றன, ஆழமும் மாறுகிறது. படம், கடிகாரம் இரண்டும் ஒரே விண்மீனுக்குக் கிடைக்கிறது. முதல் மாதம் ஒளிமாற்றம், அடுத்த மூன்று மாதம் ஒரே ஒரு நாளின் ஸ்பியர் தரவை நீங்களே செய்து வெளியான படத்தோடு ஒப்பிடுவது, நேரம் மிஞ்சினால் இன்னும் இரண்டு நாட்கள். பதினொன்றையும் செய்கிறேன் என்று கைடிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.